மே மாதத்தைத் தாண்டுவது எப்படி?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-ல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று பாடங்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். அந்தத் தொகை மெல்ல மெல்ல ஏறி 12,500-ஐத் தொடப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மே மாதத்துக்கு மட்டும் பல ஆண்டுகள் சம்பளமே தரப்படவில்லை. தனியார் பள்ளியில் மணிக்கணக்கில் பாடம் எடுப்பவர், கலைக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர், வீட்டுத் திண்ணையில் டியூஷன் நடத்துபவர் ஆகியோர் கதையும் ஏறக்குறைய இதுதான். கோடை விடுமுறை விட்டால் வருமானத்துக்கும் விடுமுறை.

இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த முகம், ‘டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்ற பேர், கையில் பாதி நாள் ஓய்வு. முகவர் தேடி அலையும் வளர்ச்சி அதிகாரிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? அதனால் அழைப்பு வரும். ‘மாசம் அம்பதாயிரம் சம்பாதிக்கலாம், பள்ளிக்கூடத்த விட்டுட்டு வாங்க’ என்றும் சொல்வார்கள். அழைப்பை ஏற்கலாம். பள்ளிக்கூடத்தை விடச் சொல்வதை மட்டும் ஏற்கக் கூடாது. ஆசிரியர் சம்பளம் சிறியதுதான். ஆனாலும் அந்த மாத அரிசி பருப்புக்கு அது போதும் என்பதால்தான், வேண்டாத பாலிசியை யார் தலையிலும் கட்டாமல் எழுந்து வர அவரால் முடிகிறது. முழு நேரமாக இறங்கியவருக்கு மாதக் கடைசியில் அந்தத் தைரியம் இருப்பதில்லை.

யாருக்கு இந்த வேலை

நிரந்தர அரசு ஆசிரியர் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவருக்குத் தனித் தொழிலை அனுமதிப்பதில்லை; கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு டியூஷனுக்கே தடை போடுகிறது. ஊரில் நடப்பது வேறு: ஏஜென்சி மனைவி பெயரில் இருக்கும், பாலிசி பிடிப்பவர் வாத்தியாராக இருப்பார். குடும்பத்தினரின் இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் விதிமீறல்தான். ஒரு மொட்டைக் கடிதம் போதும், விளக்கம் கேட்டு மெமோ வந்துவிடும்.

பகுதி நேரத்தில் இருப்பவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், தனியார் பள்ளி ஆசிரியர் நிலை வேறு. அவரவர் பணி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ‘வேறு வேலை கூடாது’ என்ற வரி பல ஆணைகளில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். தாளாளர் வாய்மொழியாக ‘அதுக்கென்ன சார், பாருங்க’ என்று சொன்னதை நம்பித் தொடங்குவதைவிட, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. டியூஷன் மட்டும் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தகுதி அதிகம் கேட்பதில்லை. 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பான் அட்டை. நிறுவனம் தரும் பயிற்சி முடிந்ததும் ஐ.சி. 38 தேர்வு: கணினியில் 50 கேள்விகள், ஒரு மணி நேரம், தமிழிலும் எழுதலாம். தேர்ச்சிக்கு 35 சதவீதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பிள்ளைகளுக்கு வைக்கும் அதே அளவு என்பதால் ஆசிரியர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு, பாடநூலையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும்; முன்மொழிவுப் படிவம், நாமினி, க்ளெய்ம் பற்றிய அத்தியாயங்கள் தேர்வுக்குப் பிறகு தினமும் கைக்கு வேலை கொடுப்பவை. தேர்ச்சிச் சான்று 12 மாதம் செல்லும். அதற்குள் ஏதாவதொரு நிறுவனத்தில் முகவராக நியமனம் பெற்றாக வேண்டும்.

எந்த நிறுவனம்? ஒரு முகவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூன்றிலும் ஒரே சமயத்தில் இருக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி சொல்கிறது. பெரும்பாலானவர்கள் ஆயுள் காப்பீட்டோடு நின்றுவிடுகிறார்கள். கமிஷன் அங்கேதான் அதிகம். ஆனால் பள்ளி ஆசிரியருக்கு எளிதாகத் திறக்கும் கதவு ஓய்வறை வாசலில் வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்கள். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புதிய வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்ந்தே வந்தது. அந்த ஐந்தாண்டு முடிந்ததே தெரியாமல் ஓட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதில் கிடைக்கும் கமிஷன் டீ செலவுக்குத்தான் வரும். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நாளைத் தவறாமல் நினைவூட்டுபவர் என்ற பெயர் வந்துவிட்டால், பெரிய பாலிசிக்கான பேச்சை எதிர் ஆளே ஆரம்பிப்பார்.

கணக்கு வாத்தியார் போட வேண்டிய கணக்கு

முதலாண்டில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நேராகச் சொல்லமாட்டார்கள். எல்.ஐ.சி.யின் ஒரு திட்டம் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. 2024 டிசம்பர் 9 அன்று பானிப்பட்டில் தொடங்கிய ‘பீமா சகி’ திட்டம் பெண்களுக்கானது. பத்தாம் வகுப்பு முடித்த, 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்கள் முகவராகச் சேரலாம். முதலாண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித்தொகை. நிபந்தனை: ஆண்டுக்கு 24 பாலிசி, போனஸ் போக 48,000 ரூபாய் முதலாண்டுக் கமிஷன். அதாவது மாதம் இரண்டு பாலிசி, 4,000 ரூபாய். புதிதாக வரும் ஒருவரால் சாத்தியம் என்று நாட்டின் மிகப் பெரிய இன்சூரன்ஸ் நிறுவனமே வைத்த இலக்கு இது. ஐம்பதாயிரக் கதை சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். கற்பிப்பவர் பெண்ணாக இருந்தால் இந்தத் திட்டத்தின் வழியே நுழைவதுதான் புத்திசாலித்தனம்; கோடையிலும் ஒரு தொகை வரும். ஆனால் இது மாதச் சம்பள வேலை இல்லை. இரண்டாம் ஆண்டு உதவித்தொகை வேண்டுமானால் முதலாண்டில் போட்ட பாலிசிகளில் 65 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும்.

அந்த ‘உயிரோடு’ என்பதுதான் தொழிலே. முதலாண்டுக் கமிஷன் ஒரு தடவை வருவது. புதுப்பிப்புக் கமிஷன் பாலிசி ஓடும்வரை வருவது. விகிதம் பாலிசிக்குப் பாலிசி, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2023 ஏப்ரலில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பாலிசிவாரியான உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2024 அக்டோபரில், பாலிசியைப் பாதியில் முறிப்பதற்கான சரண்டர் விதிகள் வாடிக்கையாளருக்குச் சாதகமாக மாறின. ஓராண்டுப் பிரீமியம் கட்டியவருக்கே ஏதாவது திரும்பக் கிடைக்கும் என்றானதும் பல நிறுவனங்கள் கமிஷன் அமைப்பையே மாற்றிக்கொண்டன. எனவே சேரும் முன் கேட்க வேண்டியது: முதலாண்டு எவ்வளவு, அடுத்தடுத்த ஆண்டுகளில் எவ்வளவு, வாடிக்கையாளர் சரண்டர் செய்தால் முகவரிடமிருந்து எவ்வளவு திரும்பப் பிடிப்பார்கள். எழுத்தில் கேட்க வேண்டும்.

கணக்குக்காகப் புதுப்பிப்பு 5 சதவீதம் என்றும், சராசரி பிரீமியம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பாலிசிக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். மாதம் 12,500 ரூபாய்ச் சம்பளத்தைப் புதுப்பிப்புக் கமிஷனே ஈடுகட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வேண்டும். 250 பாலிசிகள் லேப்ஸ் ஆகாமல் ஓட வேண்டும். ஆண்டுக்கு 24 போடுபவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல். சராசரி பிரீமியம் இரட்டிப்பானால் ஐந்து ஆண்டு சொச்சம். மூன்றில் ஒன்று பாதியில் நின்றுபோனால் மறுபடி எட்டு. பள்ளிக்கூடத்தை எப்போது விடலாம் என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆசிரியராக இருந்துகொண்டே தொடங்கிப் பெரிய அளவில் ஜெயித்தவர் உண்டா என்றால், உண்டு. ஆர்ட் வில்லியம்ஸ் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பள்ளிக்கூடக் கால்பந்துப் பயிற்சியாளர். 1965-ல் அவருடைய தந்தை மாரடைப்பில் இறந்தபோது, காலமெல்லாம் பிரீமியம் கட்டிய முழு ஆயுள் பாலிசியிலிருந்து வந்த பணம் குடும்பத்துக்குப் போதவில்லை. சில ஆண்டுகள் கழித்து, குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குப் பாதுகாப்பு தரும் டேர்ம் இன்சூரன்ஸ் பற்றி உறவினர் ஒருவர் சொல்லத்தான் அவருக்கே தெரிந்தது. பயிற்சியாளர் வேலையை விடாமல், கிடைத்த நேரத்தில் டேர்ம் பாலிசி விற்க ஆரம்பித்தார். 1977-ல் 85 பேரோடு சொந்த நிறுவனம். அதுதான் இன்றைய பிரைமெரிக்கா. இந்தக் கதையின் முதல் பாதி ஆசிரியர்களுக்கு உரியது: தன் வீட்டில் நடந்ததைப் புரிந்துகொண்டு, தான் நம்பும் ஒரே பொருளை, எளிய கணக்கோடு விளக்கி விற்றார். ‘எனக்குக் கீழே ஆள், அவருக்குக் கீழே ஆள்’ என்று நிறுவனம் வளர்ந்த இரண்டாம் பாதியை நம் ஊரில் பலர் முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பாலிசி விற்கக் கற்காமலே ஆள் சேர்க்கக் கிளம்பும் முகவரால் யாருக்கும் பயனில்லை.

பெற்றோரை விட்டுவிட்டு

புதிய முகவரிடம் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்வார்கள். ஆசிரியரின் பேனா முதலில் போய் நிற்பது தன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பக்கம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

பிள்ளையின் மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவர் நீட்டும் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். மறுக்க முடியாமல் போட்டது. பிள்ளை அடுத்த வகுப்புக்கோ வேறு பள்ளிக்கோ போனதும் அந்தப் பாலிசி லேப்ஸ் ஆகும். கமிஷனும் போய், ‘பாடம் எடுக்க வந்தாரா, பாலிசி பிடிக்க வந்தாரா’ என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போடுவது இன்னும் மோசம். பள்ளிக்காகப் பெற்ற கைபேசி எண்களைத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது நாகரிகமில்லை என்பது ஒரு பக்கம். ஒரு காரணத்துக்காகப் பெற்ற விவரத்தை ஒப்புதல் இல்லாமல் இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

பழைய மாணவர்கள் விஷயம் வேறு. எட்டு, பத்து ஆண்டு பாடம் எடுத்தவரிடம் படித்தவர்கள் இப்போது ஒரகடத்திலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். வயது 23, 25, முதல் சம்பளம், டேர்ம் பிரீமியம் மிகக் குறைவாக இருக்கும் வயது. ஆசிரியர் கையில் இனி அவர்களின் மதிப்பெண் எதுவும் இல்லை. பிடிக்காவிட்டால் ‘அப்புறம் பாக்கலாம் சார்’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்ல முடிகிறவரிடம் விற்ற பாலிசிதான் நிலைக்கும்.

நேரம் ஒதுக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்களுக்கு மார்ச் மாதம் திருவிழா. அதே மார்ச்சில்தான் பொதுத்தேர்வும். வீட்டில் ஆட்கள் இருக்கும் மாலை ஆறு முதல் எட்டு வரைதான் டியூஷன் நேரமும். இதில் தேர்வுக்கே முதலிடம் கொடுத்துவிட்டு, பாலிசி வேலையை வேறு பொழுதுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். கடைக்காரர்களை நடுக்காலையில், வியாபாரம் ஓய்ந்திருக்கும்போது பார்க்கலாம். சம்பளக்காரர்களை ஞாயிறு காலையில். வரிச் சலுகைக்காக மார்ச்சில் அடித்துப் பிடித்துப் பாலிசி எடுக்கும் கூட்டமும் இனிப் பழையபடி இருக்காது. புதிய வரி முறையில் 80சி கழிவு கிடையாது. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியும் இல்லை. ‘டாக்ஸ் மிச்சம்’ என்ற ஒரே பல்லவியை வைத்திருந்த முகவர்கள் இப்போது தடுமாறுகிறார்கள். புதிதாக வருபவர் அதைக் கற்காமலே இருந்துவிடலாம்.

ஒரு பழைய விற்பனையாளரின் பழக்கம் ஆசிரியர்களுக்கு இயல்பாக வரும். ஃபிலடெல்ஃபியாவில் ஆயுள் காப்பீடு விற்ற ஃபிராங்க் பெட்ஜர், அதற்கு முன் கைக் காயத்தால் பேஸ்பால் ஆட்டத்தை விட்டவர். தன் ஒவ்வொரு சந்திப்பையும் குறித்துவைத்துக் கூட்டிப் பார்த்ததாக 1947-ல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். அவர் முடித்த வியாபாரத்தில் 70 சதவீதம் முதல் சந்திப்பிலும், 23 சதவீதம் இரண்டாவதிலும் முடிந்தது. மீதி 7 சதவீதத்துக்காக மூன்றாம், நான்காம் முறை அலைந்ததில் பாதி நேரம் போயிருந்தது. அலைச்சலை நிறுத்தினார். வருகைப் பதிவேடு போடத் தெரிந்தவர் இதே பதிவேட்டை நாற்பது பக்க நோட்டில் போட முடியும். பாதி நாள் மட்டுமே கையில் இருப்பவருக்கு இது இன்னும் அவசியம்.

படிவத்தில் எழுதுவது

முதல் சந்திப்பில் பாலிசி பற்றிப் பேசாமல் இருப்பவர்களே நன்றாக விற்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்தால், வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்து 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டமும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் திட்டமும் அவருக்கு இருக்கிறதா என்று கேட்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம். இதில் முகவருக்கு ஒரு ரூபாயும் வராது. ஆனால் ‘இந்த டீச்சர் நமக்காகப் பேசுது’ என்ற எண்ணம் அந்த வீட்டில் விழும். வாங்க வழியிருக்கும் வீடுகளில் டேர்ம், மருத்துவக் காப்பீடு இரண்டையும் முதலில் வைக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் இந்த இரண்டுக்கும் 18 சதவீதம் இருந்தது. சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி கேட்பவருக்கு 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரு கணக்கில் அச்சடித்திருக்கும் பலன் விளக்கப் பட்டியலை வரிவரியாக விளக்க வேண்டும். எட்டைக் காட்டி நாலை மறைப்பது பரவலான வழக்கம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து வரும் பேச்சு எல்லா முகவருக்கும் பழக்கமானது.

“டீச்சர், முதல் டியூவ நீங்களே கட்டிடுங்க. அடுத்ததுலருந்து நான் பாத்துக்கிறேன். போன தடவ வந்தவரு அப்படித்தான் பண்ணாரு.”

“அது நம்ம ரெண்டு பேருக்குமே ஆகாதுங்கண்ணே. கொடுத்தாலும் குத்தம், வாங்குனாலும் குத்தம்.”

ஆசிரியை மிகைப்படுத்தவில்லை. 1938-ன் இன்சூரன்ஸ் சட்டம், 41-வது பிரிவு: கமிஷனிலோ பிரீமியத்திலோ தள்ளுபடி தருவதும் பெறுவதும் தடை, அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. சட்டத்தை விட்டுவிட்டாலும், முதல் தவணையை முகவரே கட்டிச் சேர்த்த வாடிக்கையாளர் இரண்டாம் தவணையில் காணாமல் போவதுதான் வழக்கம்.

முன்மொழிவுப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை பற்றிய கேள்விகள் வரும். ‘இல்லைன்னு போடுங்க, ஈசியா முடிஞ்சிரும்’ என்று அனுபவஸ்தர்களே சொல்லிக்கொடுப்பார்கள். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு முடியும்வரை, மறைத்ததைக் காரணம் காட்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்க 45-வது பிரிவு இடம் தருகிறது. அப்போது நிறுவனத்திடம் கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கும். அந்த வீட்டுப் பெண்மணி தேடி வருவது ஆசிரியர் வீட்டுக்குத்தான். எல்லாவற்றையும் எழுதினால் பிரீமியம் கொஞ்சம் கூடும், சில முன்மொழிவு திரும்பி வரும். திரும்பி வரட்டும். நாமினி பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிழையின்றி எழுதுவதும், பாலிசி பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று கணவன் மனைவி இருவருக்கும் தெரியும்படி செய்வதும் இதே வேலையின் பகுதி.

க்ளெய்ம் வரும் நாள் வரத்தான் செய்யும். இறப்புச் சான்றிதழ், அசல் பத்திரம், க்ளெய்ம் படிவம், நாமினியின் வங்கி விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கிளையில் கொடுத்து, விசாரணை தேவைப்படாத க்ளெய்முக்கு 15 நாளும், விசாரணை உள்ளதற்கு 45 நாளும் கெடு என்பதைத் தெரிந்து பின்தொடர வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டில் பணத்தோடு சேர்ந்து பேசப்படும் பெயர் அந்த முகவருடையது. எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது. நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. செலவில்லாமல் புகார் தரலாம்.

கடைசியாகப் பணம். பிரீமியத்தை ரொக்கமாகக் கையில் வாங்கும் பழக்கம் வேண்டாம். வாடிக்கையாளரின் கைபேசியிலிருந்தே நிறுவனக் கணக்குக்குப் போகட்டும், ரசீது அவர் பெயருக்கு வரட்டும். கமிஷனுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் பெட்ரோல், போன் செலவு போக மிச்சம் எவ்வளவு என்பது தெரியும். ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 2 சதவீதம் வரி பிடித்தம் செய்யும். 2025 ஏப்ரல் முதல் இந்த அளவு. வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பி வரும். இதுவரை சம்பளத்துக்காக ஐ.டி.ஆர். 1 போட்டவர் இனி அதைப் போட முடியாது. கமிஷன் என்பது தொழில் வருமானம். சிறுதொழில் செய்பவர்களுக்கான எளிய ஐ.டி.ஆர். 4-லும் கமிஷன்காரர்களுக்கு இடமில்லை. ஐ.டி.ஆர். 3 தான். நீளமான படிவம் என்பதால் முதல் ஆண்டு ஒரு வரி ஆலோசகரிடம் கொடுத்துவிட்டு, அவர் எதை எங்கே நிரப்புகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.